சாய்வு வேறு, கள்ள எடை வேறு!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1995 ஏப்ரல் 19. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டிடம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் மாண்டார்கள். அதில் 19 பேர் பச்சிளம் குழந்தைகள். புகை அடங்கும் முன்பே டி.வி.யில் 'நிபுணர்கள்' வந்து அமர்ந்துவிட்டார்கள். மத்தியக் கிழக்கின் கைவரிசையாக இருக்கும் என்றார்கள். அந்த ஊரிலிருந்து வெளிநாடு புறப்பட்ட ஒரு முஸ்லிம் பயணியை லண்டனில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

உண்மைக் குற்றவாளி யார்? திமோத்தி மெக்வே. வெள்ளையர். வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பதக்கம் வாங்கியவர். குண்டு வெடித்த ஒன்றரை மணி நேரத்தில், காரில் நம்பர் பிளேட் இல்லை என்று ஒரு காவலர் அவரை மடக்கினார். துப்பாக்கி வைத்திருந்ததால் கைது செய்தார். ஆம் சகோதரர்களே, டி.வி.யில் நம்மைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், குற்றவாளி லாக்கப்பில் இருந்தார்!

இதைச் சொல்லிவிட்டு, 'அமெரிக்க டி.வி. அத்தனையும் பொய்' என்று முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அது நியாயமான தீர்ப்பாகாது. சாய்வு, தவறு, பொய் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சாய்வு

ரூபர்ட் முர்டோக் 1996இல் ஃபாக்ஸ் நியூஸைத் தொடங்கினார். அதை நடத்த அவர் அமர்த்திய ரோஜர் எய்ல்ஸ், நிக்சன் காலம் முதல் ரிபப்ளிகன் கட்சிக்கு விளம்பர ஆலோசனை சொன்னவர். அதே ஆண்டு பிறந்த எம்.எஸ்.என்.பி.சி. பிற்காலத்தில் டெமாக்ரடிக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. ஆனால் 2003இல் இராக் போர் மூளவிருந்த நேரத்தில், போரை எதிர்த்த ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை நிறுத்தியதும் இதே எம்.எஸ்.என்.பி.சி.தான்! ஆக, சாய்வு எல்லாரிடமும் உண்டு. கடைக்காரர் எந்தக் கட்சி என்பது நமக்குக் கவலையில்லை. அவருடைய எடைக்கல் சரியா என்பதே கேள்வி.

தவறு

2004 செப்டம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் டான் ராதர், அதிபர் புஷ்ஷின் ராணுவப் பணி குறித்துச் சில ஆவணங்களைக் காட்டினார். அவை உண்மையானவைதானா என்ற கேள்வி எழுந்தது. நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. 12 நாளில் ராதர் மன்னிப்புக் கேட்டார். விசாரணை நடந்தது. பொறுப்பிலிருந்த 4 பேர் வேலை இழந்தார்கள். சரிபார்க்காமல் ஒளிபரப்பியது பெரும் தவறு. ஆனால் அதை மக்கள் முன் ஒப்புக்கொண்டார்கள்.

பொய்

2020 தேர்தல் இரவில், அரிசோனா மாநிலம் பைடனுக்கே என்று ஃபாக்ஸ்தான் முதலில் அறிவித்தது. அது சரியாகவும் இருந்தது. ஆனால் டிரம்ப் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். வேறு சேனலுக்குத் தாவினார்கள். ஃபாக்ஸ் பயந்துபோனது. டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்களில் மோசடி நடந்தது என்ற பேச்சுக்கு மேடை கொடுத்தது. டொமினியன் 160 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அப்போது வெளிவந்த கடிதங்களும் குறுஞ்செய்திகளும் என்ன காட்டின? அந்தப் பேச்சை அங்குள்ள பிரபல அறிவிப்பாளர்களே நம்பவில்லை! 2023 ஏப்ரல் 18 அன்று 78.75 கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. ஆனால் திரையில் தோன்றி மன்னிப்புக் கேட்கவில்லை.

வணிகர்களே, இதில் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. சரியான எடை போட்டபோது வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார். அவரைத் திரும்ப அழைக்கக் கள்ள எடை போட்டார்கள். அப்படியானால் குற்றம் கடைக்காரருடையது மட்டுமா? கள்ள எடையை விரும்பி வாங்கியவருக்கும் பங்கில்லையா?

நம் நிலை என்ன?

இளைஞர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நமக்கு எதிரான செய்தி என்றால் ஆதாரம் கேட்கிறோம். நமக்குச் சாதகமான செய்தி என்றால்? வாட்ஸ்அப்பில் வந்த படம் எந்த நாட்டுடையது, எந்த ஆண்டுடையது என்று பார்க்காமல் நூறு பேருக்கு அனுப்புகிறோம். ஓக்லஹோமாவில் அந்த நிபுணர்கள் செய்ததும் இதுதானே! அவசரத்தால் அடிபட்ட சமுதாயம் அதே அவசரத்தைச் செய்யலாமா?

எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னவர் யார்? எதை வைத்துச் சொன்னார்? முன்பு தவறியபோது திருத்திக்கொண்டாரா? எதிரியிடம் கேட்கும் இந்தக் கேள்விகளை நண்பனிடமும் கேளுங்கள். நம் பத்திரிகையிடமும் கேளுங்கள். நாங்கள் தவறினால் கடிதம் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

பிறருக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது.