நீர் வற்றினால்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மருத்துவம் கற்றோரும் அமர்ந்துள்ள அவையில் இரயில்வே குமாஸ்தா ஒருவன் நோயைப் பற்றிப் பேசுவது சிறிது துணிச்சல்தான். ஆயினும் இது மருத்துவரை அடையுமுன் வீட்டிலேயே தொடங்கவேண்டிய காரியம். ஆதலின் என் போன்றவனும் பேசலாம்.

கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்காலையன்று நம் கரமனைத் தெருக்கள் இருக்கும் நிலையை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேலே வெயில், எதிரே அடுப்புத் தீ, வயிற்றிலோ விரதம். ஒதுங்க இடம் கிடைக்குமோ என்று அஞ்சித் தண்ணீரையே தவிர்ப்பவர்களும் உண்டு. இரயில் பயணத்திலும் இதே கதைதான். வியர்வையில் நீர் மட்டுமன்று, உப்பும் போகிறது. நாவறட்சி, தலைச்சுற்றல், சிறுநீர் குறைந்து மஞ்சளாக இறங்குதல் ஆகியவை முதல் அறிகுறிகள். முதியோருக்குத் தாக உணர்ச்சியே மங்கிவிடுமாதலால், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே கொடுக்கவேண்டும். சீரகம் இட்டுக் கொதிக்கவைத்த நீரும், உப்பிட்ட கஞ்சியும் நம் அடுக்களையில் என்றும் உண்டு.

வெயிலினும் கொடியது பேதி. குழந்தை அழுகிறது, கண்ணீர் வரவில்லை, கண்கள் குழிந்திருக்கின்றன, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லத்தான் மறைகிறது. துவண்டு, குடிக்கவும் இயலாமற் போனால் கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். பேதிக்கு வயிற்றைக் காயப்போடும் பழைய வழக்கம் பெரும் தீங்கு. தாய்ப்பாலையும் நிறுத்தலாகாது.

1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. மேற்கு வங்காளத்துப் பன்காவ் மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் உப்புநீரோ தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த டாக்டர் திலீப் மகாலானபிஸ், லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் எனக் கரைத்து, உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, அவர் பொறுப்பில் இருந்தோரிடையே சாவு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே புகுகின்றன. புகும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றன. சூட்சுமம் இவ்வளவே. அவர் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் விருது மறு ஆண்டுதான் வந்தது. உயிரோடிருக்கையில் கொடுத்திருக்கலாம்.

உப்புக் கரைசல் பொட்டணம் கைவசமில்லையேல், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அளவு மிகுந்தால் தீங்கு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். ஒரு நாள் கடந்ததைக் கொட்டிவிடுங்கள்.

ஒன்று கூறி அமர்கிறேன். இனிப்பு மிகுந்த பானங்கள் சில 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துக்களைத் தாங்கி மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. சர்க்கரை மிகுந்தால் பேதி தணியாது, வளரும். உரிய கலவை அல்லாதவை அப்பெயரைத் தாங்கலாகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனினும் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று பொட்டணத்தில் அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறந்து சென்றவர்கள் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லலாம்.