கால் தரையில் இருக்கிறதா?

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். பரிசு வாங்காமல் திரும்பிய ஒரு பிள்ளையைப் பற்றி நான் பேசலாமா? அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "சொல்லுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு கதை சொல்லும் போட்டிக்காகக் கோலசிலாங்கூருக்குப் போயிருந்தோம். கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். வேனில் போகும்போதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டு வந்தாள். பெயரை அழைக்கப் பத்து நிமிடம் இருக்கையில், "டீச்சர், வயிறு வலிக்குது" என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறிய கை மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயப்படாதே! இத்தனை நாள் சொல்லிக் கொடுத்திருக்கேன், என் மானத்த வாங்கிடாதே" என்றேன். மேடை ஏறினாள். அவையோருக்கு வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. திரும்பும்போது புக்கிட் ரோத்தானைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை அவள் திருப்பவே இல்லை.

பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றேன், துணைக்கருவி செய்யக் கற்றேன். நடுங்கும் பிள்ளையை என்ன செய்வது என்று மட்டும் கற்றுவரவில்லை. (அதைச் சொல்லிக் கொடுத்த அன்று நான் தூங்கிப் போயிருக்கலாம்!) அந்தச் சம்பவத்திற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

என் அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். இந்த நாட்டில் வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது நம் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-ஆம் ஆண்டில். பேர் என்னவோ தென்னமரம், நட்டது செம்பனை! அது கிடக்கட்டும். ஒருநாள் ஓலைக் குவியலுக்குள்ளிருந்து நாகம் ஒன்று படமெடுத்து எழுந்ததாம். "எப்படிக் குதிச்சேன்னு எனக்கே தெரியல புள்ள. நெஞ்சு தப்பு மாதிரி அடிச்சிச்சு, வாய் காஞ்சி போச்சு" என்பார் அப்பா. அந்தக் குதிப்பு அவர் உயிரைக் காத்தது. மூளை ஆபத்து என்று கண்டவுடன், சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகிறது. இரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்கிறது. வயிற்றில் செரிமானம் நின்றுவிடுகிறது. தோலில் இரத்தம் குறைந்து விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. எதிர்த்து நில், இல்லையேல் ஓடு என்று உடம்பு செய்யும் இந்த ஏற்பாட்டை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்டர் கேனன் 1915-இலேயே ஒரு நூலாக எழுதியிருக்கிறார்.

நாகத்துக்கும் நடுவர் மேசைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் வயிற்றுவலி பொய்யில்லை, சாக்குமில்லை. என் அப்பாவைக் காப்பாற்றிய அதே உடம்புதான் அவளையும் காப்பாற்றப் பார்த்தது. ஓட இடமில்லாத மேடையில் நின்றதால் அவள் உறைந்து போனாள். அவளிடம் போய் "பயப்படாதே" என்றேனே! "கலங்காதே" என்று சொன்னவுடன் வெள்ளத்துச் சிலாங்கூர் ஆறு தெளிந்துவிடுமா?

ஆங்கிலத்தில் 'கிரவுண்டிங்' என்கிறார்கள். நாம் காலூன்றுதல் என்று வைத்துக்கொள்ளலாம். மனம் "தோற்றுப் போவேன், சிரிப்பார்கள்" என்று முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது, இப்போது இங்கே இருப்பதன்மேல் அதைக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் அது. பிள்ளையின் பக்கத்தில் போய், அவள் உயரத்துக்குக் குனிந்து, மெதுவான குரலில், "ரெண்டு காலும் தரையில இருக்கா? சப்பாத்துக்குள்ள விரல மடக்கி விரி" என்று சொல்லுங்கள். பிறகு, "இங்க கண்ணுக்குத் தெரியிற அஞ்சு பொருள் சொல்லு" என்று கேளுங்கள். மின்விசிறி, கொடி, டீச்சர் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டு வருவாள். தொட்டுப் பார்க்க நான்கு, காதில் விழும் ஓசை மூன்று, மூக்குக்குத் தெரியும் வாசனை இரண்டு, நாக்கில் உள்ள ருசி ஒன்று. சிற்றுண்டிச்சாலையில் சம்பல் வதக்கும் நாளாக இருந்தால் வாசனைக்குப் பஞ்சமில்லை! எண்ணிக்கை தவறினாலும் குற்றமில்லை. இது கணிதப் பாடம் அல்லவே.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. "நல்லா மூச்சை இழு, இழு" என்று நாம் சொல்லிவிடுகிறோம். பதறும் பிள்ளை ஏற்கெனவே அளவுக்கு மீறி மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மதமதக்கும். இன்னும் இழுத்தால் இன்னும் கிறுகிறுக்கும். எனவே விடுகிற மூச்சைத்தான் நீட்ட வேண்டும். சூடான தேநீரை ஊதுவது மாதிரி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லுங்கள். மூச்சு வெளியே போகும் நேரத்தில் இதயத்துடிப்பு சற்றுத் தணிவது உடம்பின் இயல்பு.

எங்கள் லயத்தில் பிள்ளை எதையாவது கண்டு அரண்டுவிட்டால், பாட்டி முகத்தில் பச்சைத் தண்ணீரை அடிப்பார், மடியில் சாய்த்து முதுகைத் தடவுவார், "பாட்டியப் பாரு, நான் யாரு சொல்லு" என்பார். படித்த பிறகு இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நானும் ஒதுக்கினேன். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் இதயத்துடிப்பு குறையும் என்று பின்னாளில் படித்தபோது பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்க அவர் இல்லை.

நம் இனத்துப் பிள்ளைகளிடமே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. வடகிழக்கு இலங்கையில் வீடிழந்து, உற்றாரையும் இழந்து அகதி முகாமில் இருந்த 31 பிள்ளைகளை, சில வாரங்களிலேயே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இரு பிரிவாக்கிக் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு நடந்ததைக் கதையாகச் சொல்ல வைத்தார்கள். மற்றதற்கு மூச்சுப் பயிற்சி, தியானம், உடல் தளர்த்தல். ஆறு ஆறு முறைதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் பத்தில் ஏழெட்டுப் பேர் தேறியிருந்தார்கள். இது 2009-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. காலத்தால் தானாகவே ஆறியவர்களும் அதில் இருக்கலாம். ஆனாலும் பெரிய மருத்துவமனையில்லை, விலை உயர்ந்த மருந்தில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போர்க்காலத்திலேயே ஊர் மக்களுக்கு இப்படிப்பட்ட பழகிய முறைகளைச் சொல்லிக் கொடுத்து வந்தவர். உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் மன அழுத்தத்திற்கென வெளியிட்ட படக் கையேட்டில் காலூன்றுதலைத்தான் முதல் பாடமாக வைத்திருக்கிறது.

பெற்றோர்களே, இதை மந்திரக்கோல் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கும் கை நடுங்கும். அதனால் நான் இப்போது முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" என்றுதான். வீட்டில் இரவெல்லாம் சண்டை, குடி, அடி என்றால், ஐந்து பொருளை எண்ணச் சொல்லி என்ன பயன்? அந்த நடுக்கம் வீட்டில்தான் அடங்க வேண்டும். அடிக்கடி மூச்சு முட்டுகிறது, தூக்கமில்லை, பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறது என்றால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்று தயங்காதீர்கள்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், இனிப் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் இந்தத் தோட்டப் பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போய், புகுமுக வகுப்பில் மலாய்ப் பத்தியை வாசிக்க எழுந்து நின்ற நாளில் தேர்வு ஒன்றும் இல்லை. எழுத்துகள் மட்டும் பக்கத்தில் நீந்தின. நான் முட்டாள் என்றே அன்று முடிவு கட்டிக்கொண்டேன். "கால் தரையில் இருக்கிறதா?" என்று கேட்க ஆள் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் மறுவாரமே மன்னிப்புக் கேட்டேன். இருவரும் சேர்ந்து பழகினோம், ஓய்வு நேரத்தில், மாமரத்தடியில், வாரம் இரண்டு மூன்று நாள். பிறகு காலைச் சபைகூடலில் அதே கதையைச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். என் வயிறுதான் வலித்தது! அவள் குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள், மெல்ல ஊதினாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கைதட்டல் வழக்கம் போலத்தான். அவள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்து மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நடனம். இந்தத் திரைக்குப் பின்னால் ஒருவன் அரை மணி நேரத்தில் நான்கு முறை ஒன்றுக்குப் போய்விட்டு வந்து நிற்கிறான். அவன் அம்மா இங்கே எங்காவது இருந்தால், தயவுசெய்து எழுந்து போய் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான் அதிகம் பேசிவிட்டேன்.