பக்கத்தில் இருப்பதுதான் வேலை



பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைங்களோட கோர்ட்டுக்குப் போற தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறது என் வேலை. 2012 போக்சோ சட்டத்துக்கு 2020-ல் வந்த விதிகள்ல இவங்களை ‘ஆதரவு நபர்’னு சொல்றாங்க. நாமளா போய் நின்னுட முடியாது. பிள்ளையும் பெற்றோரும் சம்மதிச்சா, குழந்தைகள் நலக்குழுதான் நியமிக்கும்.

ஆரம்பத்துல நான் ஒரு தப்பு பண்ணினேன். அன்னன்னிக்கு யாருக்கு வேலை இல்லையோ அவங்களை அனுப்பினேன். ஒரு பிள்ளைக்கு மூணு வாய்தா, மூணு முகம். மூணாவது தடவை அது அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, “இந்த அக்கா யாரு? முன்னாடி வந்த அக்கா எங்கே?”ன்னு அழுதுச்சு. உள்ளே வரவே இல்லை. அன்னிக்கு முடிவு பண்ணினோம்: ஒரு பிள்ளைக்கு ஒரே ஆள், தீர்ப்பு வர்ற வரைக்கும். அப்படி வர முடியாதவங்க ஆரம்பத்திலேயே சொல்லிடணும்.

ஆள் எடுக்கும்போது நான் படிப்பை மட்டும் பார்க்கிறதில்லை, வாய் அடக்கத்தையும் பார்ப்பேன். பிள்ளையோட பேர், பள்ளிக்கூடம், தெரு எதுவும் வெளியே போகக் கூடாது. மாசம் ஒரு நாள் தன்னார்வலர்கள் கூடி மனபாரத்தை இறக்கி வைப்பாங்க. அங்கேயும் பிள்ளை பேர் வராது.

இன்னொரு கண்டிப்பு, சாட்சியைச் சொல்லிக் கொடுக்கவே கூடாது. “இப்படிச் சொல்லு”ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடிச்சே கேஸை உடைச்சிடுவார். “நடந்ததைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு.” அவ்வளவுதான். பிள்ளைக்குத் தைரியம் தர்றதுக்கு உண்மையான விஷயமே நிறைய இருக்கு. வக்கீல் நேரா மிரட்டிக் கேட்க முடியாது, கேள்வியை நீதிபதிதான் கேட்பார். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணுல படக் கூடாது. வேடிக்கை பார்க்கிறவங்க உள்ளே இருக்கக் கூடாது. நடுவுல இடைவேளை உண்டு. இதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுத் தர்ற சலுகை இல்லை, சட்டம்.

உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. தெரிஞ்சதும் போலீஸுல சொல்லுங்க. தெரிஞ்சும் மறைச்சா அதுவே குற்றம். எங்கே போறதுன்னு புரியலைன்னா 1098-க்குப் போன் பண்ணுங்க. “பொண்ணு வாழ்க்கை போயிடும், பேசி முடிச்சுக்கலாம்”னு ஊர்ல வருவாங்க. கடன் பாக்கியைப் பேசி முடிக்கலாம், இதை முடிக்க முடியாது. அந்தச் சமயத்துல அந்த அம்மா தனியா நிக்கக் கூடாது. அவங்க நம்ம குழுவுல இருந்தா, தவணையைக் காட்டி நெருக்காதீங்க. வாய்தா அன்னிக்கு அவங்க சின்னப் பிள்ளையை வாங்கி வச்சுக்கோங்க. பிள்ளை நம்புற ஒருத்தர் சாட்சி சொல்ற நேரத்துல கூட இருக்கவும் சட்டம் இடம் தருது. அந்த நம்பிக்கையான ஆள் உங்கள்ல ஒருத்தராவும் இருக்கலாம்.

நாம வாதாட வேண்டாம். பக்கத்துல இருந்தாப் போதும், கடைசி வரைக்கும்.