விளக்க அட்டையை யார் எழுதுவது?



நூலகம், மியூசியம், இணையம் இதுபற்றிப் பேசச் சொன்னாங்க. நம்ம மாவட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் 1910இல் சமஸ்தானம் தொடங்கியது. 1929இல் அதே சமஸ்தானம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. பெரிய வேலைதான், மறுக்கல. ஆனா கல்லில் வெட்டச் சொன்னவன் யார்? ராஜா, கோயில், ஊர்ச்சபை. அதிலே நாம வந்தாலும் எப்படி வர்றோம்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டைப் பாருங்க. வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது பறைச்சேரி வருது, தீண்டாச்சேரி வருது. அங்கே குடியிருந்த மனுசன் வரல.

இப்போ இணையத்திலே 'பங்கேற்பு' என்கிறார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். உண்மைதான். விக்கிமூலத்தில் நாட்டுடைமையான புத்தகத்தின் பக்கப்படம் ஒருபுறம், எழுத்து மறுபுறம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்து யார் வேணாலும் பிழை திருத்தலாம். நீ எந்தத் தெருன்னு அங்கே கேட்கிறதில்லை. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். தொண்ணூத்தேழாயிரம் நூல்கள் சாம்பல். 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்க்கத் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள்தான். அரசாங்கம் வரட்டும்னு அவர்கள் காத்திருக்கல.

ஆனா கதவு திறந்திருந்தால் போதுமா? விக்கிப்பீடியாவிலே ஒரு விதி. ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் காட்டணும், இல்லேன்னா 'சான்று தேவை'ன்னு முத்திரை விழலாம். பொய்யைத் தடுக்க விதி வேணும், அதிலே எனக்குத் தகராறு இல்லை. அச்சகம் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டதையும், இனி சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்னு ஒரு சேரியே நின்னதையும் எந்தப் பேப்பர் போட்டது? (1907இல் அயோத்திதாசர் சொந்தப் பத்திரிகை தொடங்கியதன் அருமை இங்கேதான் தெரியுது.) நம்ம சான்று கிழவிகளின் வாயில் இருக்கு. 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி ஆகிய மூன்று மொழிகளில் பேச்சைப் பதிவுசெய்து, அதையே சான்றாகக் காட்டும் முயற்சி விக்கிக்காரர்களிடம் நடந்தது. அது பொது விதியாகவில்லை. ஆனா வழி இருக்குன்னு காட்டியது.

இது ஏட்டுச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2022 டிசம்பரில் நம்ம வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. அங்குள்ள மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றப்பத்திரிகைக்கு நம்பர் உண்டு, தேதி உண்டு, பாதுகாக்க ரெக்கார்டு ரூம் உண்டு. அந்தத் தண்ணியைக் குடிச்ச தாய் சொல்றதுக்கு என்ன இருக்கு? அம்பது வருசம் கழிச்சு ஒரு மாணவன் தேடி வந்தா அவன் கையில் எது கிடைக்கும்?

அதனால பங்கேற்பு என்பது மியூசியம் போடுகிற படத்துக்குக் கீழே நாலு வரி கருத்து எழுதுறது இல்லை. ஒரு பறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 'தோற்கருவி'ன்னு அட்டை எழுதிடலாம். அடிச்சவர் யார், கூலி என்ன, அரிசியா கள்ளா, எந்த வருசம் அடிக்க மறுத்தார், மறுத்தப்போ என்ன நடந்தது? அந்த அட்டையை எழுதும் அதிகாரம்தான் பங்கேற்பு.

இன்னொண்ணும் இருக்கு. எல்லாத்தையும் வெளியே கொட்டணும்னு இல்லை. ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கிய முகுர்த்து என்ற மென்பொருளில், எந்தப் பதிவை யார் பார்க்கலாம்னு அந்தச் சமூகமே தீர்மானிக்குது. முகுர்த்துன்னா அவங்க பேச்சில் பொருளைப் பத்திரமா வைக்கிற பை. நமக்கு இது ரொம்ப முக்கியம். சாட்சி சொன்ன பெண்ணின் முகமும் பேரும் இணையத்தில் ஏறினா, மறுநாள் அவ அதே ஊர்க் கடைக்குத்தான் அரிசி வாங்கப் போகணும்.

மாணவத் தோழர்கள் முதலில் ஒரே ஒரு சேரியை எடுத்துக்குங்க. கையில் இருக்கிற போன் போதும். அவங்க பேச்சை அப்படியே எழுதுங்க, செந்தமிழாக்க வேணாம். தேதி, இடம், கேட்டவர் பேர் கட்டாயம். பிறகு பேசினவங்களுக்கே போட்டுக் காட்டி, வெளியே விடலாமான்னு கேளுங்க. வேணாம்னு சொன்னா பூட்டி வைங்க, அடுத்த வருசம் மறுபடியும் போய்க் கேளுங்க.