ஏணியின் அடி

ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தில் திருப்பணிக் காலங்களில் சாரம் கட்டி வண்ணம் தீட்டுவோரை அண்ணாந்து பார்த்து நாம் வியப்பதுண்டு. அவ்வளவு உயரத்தில் எச்சரிக்கை தானே வந்துவிடுகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ பத்துப் பதினைந்து அடி உயரத்தைப் பற்றி. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பவரும், மலையடிவாரத் தோப்புகளில் மாங்காய் பறிப்பவரும், இராசபாளையத்து நூற்பாலைகளில் விளக்கு மாற்றுபவரும் ஏறும் உயரம் அது. உயிர் போக அதுவே போதும்.

ஏணியில் ஏறுவோர் மேற்படியையே நோக்குகின்றனர். தீங்கோ அடியில் காத்திருக்கிறது. பௌதிகம் இதற்குக் கணக்குச் சொல்லும். வழவழப்பான சுவரில் 16 அடி உயரத்தில் ஏணி சாய்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஏணியின் எடையை விட்டுவிடுவோம். அதன் அடி சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருந்தால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் உச்சியை அடையும்போது அடியை வெளியே தள்ளும் விசை 15 கிலோ எடைக்குச் சமம். 8 அடி தள்ளி வைத்தாலோ அது 30 கிலோ ஆகும். தரையின் உராய்வு ஒன்றே அதனை எதிர்த்து நிற்க வேண்டும். எண்ணெய் சிந்திய ஆலைத் தளத்தில் அவ்வுராய்வு எவ்வளவு இருக்கும்? நான்கு அடி உயரத்திற்கு ஓரடி தள்ளி வைப்பது என்னும் அளவு பல நாடுகளிலும் வழங்குவது இதனால்தான். அதற்கும் மேலாக நெருக்கி நிறுத்தினால் ஏணி பின்னே சாய்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதி ஏணியில் நிற்பவரால் எழும் தள்ளுவிசை பாதியே. "கீழ்ப்படிகளில் அசையவில்லையே" என்று நம்பி ஏறியவரை ஏணி உச்சியில்தான் கைவிடுகிறது.

மூங்கில் ஏணியின் பழுக்களை, அதாவது குறுக்குப் படிகளை, ஒவ்வொரு முறையும் பார்த்தே ஏற வேண்டும். சிலர் அழகுக்காகச் சாயம் பூசிவிடுகின்றனர்; வெடிப்பு அதனுள் மறைந்துபோகிறது. அலுமினிய ஏணி இலேசானதுதான். ஆனால் மின்கம்பி செல்லும் இடத்தில் அதனைத் தூக்கி நிறுத்தலாகாது. நனைந்த மூங்கிலும் மின்சாரத்திற்கு வழிவிடும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளில் படிகளும் நடைவழிகளும் உறுதியாக இருக்க வேண்டும் என 32ஆம் பிரிவில் விதித்தது. மாந்தோப்பிற்கும் வீட்டுச் சுவருக்கும் அச்சட்டம் எட்டவில்லை. அங்கே வேலை வாங்குபவரின் மனமே சட்டம். ஏணிக்கு இருவர் வேண்டும் என்றால், "கீழே சும்மா நிற்பவனுக்கு ஏன் கூலி?" என்று கேட்போர் உண்டு. அவர் சும்மா நிற்கவில்லை. கூடையையும் வாளியையும் கயிற்றில் ஏற்றி இறக்கி, மேலே இருப்பவரின் இரு கைகளையும் ஏணிக்கென விட்டுவைக்கிறார். காற்றில் அசையும் மாங்கிளையிலே சாய்த்த ஏணியின் தலையை, ஏறியவர் முதலில் கயிற்றால் கட்ட வேண்டும். அக்கட்டு இறுகும்வரை கீழே இருப்பவர் அடியைப் பிடித்த பிடியை விடக் கூடாது. வேலை முடிந்து கட்டை அவிழ்க்கும்போதும் அப்படியே.