கட்டியைச் சுற்றி நிற்பவர்கள்



ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர்களின் அறுவை அரங்குகளுக்குப் போகிறது. இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் அந்தத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். அதே அரங்கில் புற்றுநோய்க்காக வெட்டி எடுக்கும் பெருங்குடல் துண்டு அதன்பிறகு எங்கே போகிறது, அதில் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதைத்தான் ஒரு நோயியல் மருத்துவராக இன்று சொல்ல வந்திருக்கிறேன். உயிரித்தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் ஆய்வகத் தொழில்நுட்பமும் படித்த உங்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு.

கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நிணநீர்க் கணுக்களைத் தொட்டிருக்கிறதா, கல்லீரல் போன்ற தூர உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்துப் புற்றுநோயின் நிலையைச் சொல்கிறோம். ஆனால் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே நிலை, ஒரே அறுவை, ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் பத்தாண்டு கழித்தும் பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறார். இன்னொருவருக்கு இரண்டே ஆண்டில் நோய் திரும்பிவிடுகிறது.

இதற்கு விடை தேடிய பாரிஸ் விஞ்ஞானி ஜெரோம் கலோனும் அவர் குழுவும் 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புற்று அணுக்களோடு நிற்காமல், கட்டிக்குள் புகுந்திருந்த நோயெதிர்ப்பு அணுக்களையும் எண்ணினார்கள். சிடி3 என்பது டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் அனைத்துக்கும் பொதுவான அடையாளம். சிடி8 அவற்றில் கொல்லும் அணுக்களுக்கு உரியது. இந்த இரண்டையும் கட்டியின் நடுவிலும் அது பரவும் விளிம்பிலும் எண்ணுவதுதான் 'இம்யூனோஸ்கோர்'. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ரத வீதி நிறையக் கூட்டம் இருந்தாலும், வடத்தைப் பிடித்த கைகள்தான் தேரை நகர்த்துகின்றன. இங்கும் எத்தனை அணுக்கள் என்பதோடு எங்கே நிற்கின்றன என்பதும் கணக்கு.

2018இல் 'லான்செட்' இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு 13 நாடுகளின் 2,681 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தது. அகமதாபாத்திலுள்ள குஜராத் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் அதில் பங்கேற்றது. முதல் தொகுதி நோயாளிகளில், இம்யூனோஸ்கோர் மதிப்பெண் உயர்ந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கே ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பியது. குறைந்தவர்களில் 32 சதவீதம். உடல் எவ்வளவு எதிர்த்து நின்றது என்பதைக் கண்ணாடித் தகட்டிலேயே படிக்க முடிகிறது. நான் இந்தத் துறையை நேசிப்பதற்கு இந்த ஒன்றே போதும்.

அந்தக் கணக்கு இன்னும் எல்லா ஊர்களுக்கும் வரவில்லை. ஆனால் அதன் உடன்பிறப்பான ஒரு சோதனையை இன்றே செய்யலாம். டிஎன்ஏ பிழை திருத்தும் நான்கு புரதங்கள் அணுவில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பது அது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை கெட்டிருக்கும். பிழைகள் பெருகப் பெருகக் கட்டி உடலுக்கு அந்நியமாகிறது. டி அணுக்கள் திரண்டு வருகின்றன. நோய் பரவிவிட்ட நிலையில்கூட இந்தக் குறை உள்ளவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து கைகொடுக்கிறது. 2020இல் வந்த ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோதெரபியில் 8.2 மாதம், இந்த மருந்தில் 16.5 மாதம். விலைதான் நம் மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அது எனக்குப் பெரிய வேதனை.

இந்த நோய் தரும் துக்கம் நமக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தது அந்தத் துக்கம். இன்றும் மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்தபடி மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வெட்டிய துண்டு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் காணாமல் மணிக்கணக்கில் கிடந்தாலோ, சின்ன டப்பாவில் திணித்து மதுரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டாலோ, புரதங்கள் சிதைந்துவிடும். நல்ல தகட்டில், திருத்தும் புரதம் இல்லாத கட்டியின் அணுக்கள் நீலமாகவே நிற்க, பக்கத்திலுள்ள லிம்போசைட்டுகள் என்ற இயல்பான நோயெதிர்ப்பு அணுக்கள் பழுப்பேறியிருக்கும். அப்போதுதான் கட்டியில் புரதம் இல்லை என்று துணிந்து எழுத முடியும். லிம்போசைட்டும் நீலமாக இருந்தால் அந்தத் தகட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சிலருக்கு இந்த டிஎன்ஏ திருத்தக் குறை பரம்பரையாக வருவது. அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி தேவையா என்பது அந்த ஒரு தகட்டில் தொங்குகிறது.

ஆகவே துண்டைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றுங்கள். வெட்டி எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் டப்பாவின் மேல் தெளிவாக எழுதுங்கள்.