விரிசலுக்கு ஒரு தேதி
(திண்டுக்கல்லில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் திண்டுக்கல்லில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதும் திறந்தவெளிச் சுரங்கத்தில்தான். ஆனாலும் நிலத்தடிச் சுரங்கங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் வகுப்பறைக்கு அவற்றிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது.

ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916இல் கண்டறியப்பட்ட நிலக்கரித் தீ இன்னும் அணையவில்லை. சுரங்கத்தின் கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். அந்தத் தூண்கள் எரிந்தாலோ, வெட்டப்பட்டாலோ கூரை சரியும். மேலே நிலம் உள்வாங்கும். வீட்டுச் சுவர் பிளக்கும்.

வெளியே கொட்டும் கழிவும் ஆபத்தானது. வேல்ஸில் அபர்வான் என்ற சுரங்கக் கிராமத்தில், 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு மழையில் ஊறிச் சரிந்து பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றின் மேல் கொட்டப்பட்ட குவியல் அது. முன்பே ஒருமுறை நகர்ந்திருந்தது. ஊரார் கவலையும் தெரிவித்திருந்தார்கள். முறையாகக் கண்காணிக்கத்தான் ஏற்பாடு இல்லை.

கண்காணிப்பு என்பது என்ன? ஒரே இடத்தை, ஒரே முறையில், திரும்பத் திரும்ப அளப்பது. ஒவ்வோர் அளவுக்கும் தேதி இடுவது. சுரங்கப் பகுதிகளில் குறிக்கற்கள் நட்டு, அவற்றின் உயரத்தை அவ்வப்போது அளக்கிறார்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், மேகத்தை ஊடுருவும் ரேடாரால் சில சென்டிமீட்டர் நில நகர்வையும் காட்ட வல்லது.

இதே வேலையை நம் மாணவர்கள் அடிக்குச்சியால் செய்யலாம். பள்ளிச் சுவரில் விரிசல் இருந்தால், அதன் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். மாதத்தின் முதல் வேலைநாளில் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து, தேதியுடன் எழுதச் சொல்லுங்கள். மழை பெய்ததா என்பதையும் குறிக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே வரைபடமும் போடுவார்கள். இடைவெளி கூடினால் சுவரருகே யாரையும் விடாதீர்கள்; அந்தப் பக்கத்தை இணைத்துத் தலைமையாசிரியர் கடிதம் எழுதட்டும். "சுவர் மோசமாக இருக்கிறது" என்பதைவிட "மூன்று மாதத்தில் நான்கு மில்லிமீட்டர்" என்பதற்கு வலு அதிகம்.

கொடைக்கானல் சாலையில் மழைக்காலத்தில் மண் சரிவதை நாம் அறிவோம். சரிவுகளுக்குப் பிள்ளைகளை அளக்க அனுப்பக் கூடாது. புதிய நிலவெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லவும், 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணை அழைக்கவும் பழக்குங்கள்.